ஐந்நூறு ரூபாய்க்குப் பாட்டு

ஆப்பிள் கிஃப்ட் கார்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாட்டு மட்டும் இல்லை. பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ "பிடித்த பாட்டா வாங்கிக் கேளு" என்று ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கார்டை அனுப்புகிறோம். இப்போதெல்லாம் அது கையில் பிடிக்கும் அட்டைகூட இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த பதினாறு இடக் குறியீடு. மின்னஞ்சலில் வந்து நிற்கும். ஆப் ஸ்டோரைத் திறந்து குறியீட்டைப் போட்டால் பணம் கணக்கில் ஏறிவிடும். நீலகிரியின் மசினகுடி மாதிரி ஊரில்கூட, கடைவீதியில் டவர் ஒழுங்காகக் கிடைக்கிற நேரமாகப் பார்த்துச் செய்தால், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. எவ்வளவுக்குக் கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் எழுத ஒன்றுமில்லை. ஏற்றிய பணத்தைச் சில வாரங்கள் அதன் போக்கில் விட்டுப் பார்த்தால்தான் இந்தப் பரிசின் குணம் தெரியவரும். அது பாட்டாக மாறுவதில்லை. சத்தமில்லாமல் வேறு ஏதோவாக மாறிக் கரைந்துபோகிறது.

எப்படி என்று பார்க்கலாம். கணக்கில் ஏறிய பணத்துக்குப் 'பாட்டுக்கு' என்று தனி உண்டியல் கிடையாது. ஆப், விளையாட்டு, சினிமா, புத்தகம், ஐகிளவுட் சேமிப்பிடம், மாதச் சந்தா எல்லாவற்றுக்கும் ஒரே பேலன்ஸ்தான். அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பேலன்ஸ் இருக்கும்வரை, மாதாமாதம் தானாக எடுக்கப்படும் தொகைகள் முதலில் அதிலிருந்துதான் போகும். ஐகிளவுட்டில் 50 ஜிபி இடத்துக்கு மாதம் 75 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் 450 ரூபாய் போய், பாட்டுக்கென்று வந்த ஐந்நூறில் 50 மிஞ்சும். மசினகுடியில் ஐபோன் வைத்திருப்பவரின் ஐகிளவுட் எதனால் நிறைகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலுக்கே புள்ளிமான் வரும், சாலையைக் காட்டெருமை கடக்கும், மாவனல்லா பக்கம் போனால் யானை நிற்கும். தங்கை மகள் பாட்டு வாங்கட்டும் என்று மாமா கொடுத்த பணம், யானைப் படங்களுக்கு வாடகையாகப் போகிறது. மருமகளுக்கும் அது தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. மாதம் ஒரு ரசீது மின்னஞ்சலில் வரும்; அதை யார் பிரித்துப் படிக்கிறார்கள்?

இது மோசடி இல்லை. விதிமுறைகளில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் இல்லை, அதுதான் எரிச்சலே. குழந்தை எந்த வயதுக்கான ஆப்பை இறக்கலாம், கெட்ட வார்த்தை உள்ள பாட்டைக் கேட்கலாமா கூடாதா, எதை வாங்கினாலும் பெற்றோரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்றெல்லாம் வகை வகையாகப் பூட்டுப் போட இதே கணக்கில் வசதி இருக்கிறது. பாட்டு எது, படம் எது, வாடகை எது என்று அந்தக் கடைக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் 'இந்தப் பணம் பாட்டுக்கு மட்டும்' என்று கொடுப்பவர் ஒரு வரி சேர்க்க வழியில்லை. வாழ்த்துச் செய்தி எழுத இடம் உண்டு. அது மனிதருக்கு மட்டும், கணக்குக்கு அல்ல. கொடுத்தவரின் எண்ணத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்றைப் பரிசு அட்டை என்று அழைப்பதற்கு மனம் இடம் தரவில்லை. வாடகை முன்பணம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது அதில் விற்றது பாட்டு மட்டும்தான், ஒன்று 99 சென்ட். அடுத்த ஆண்டே கடை அலமாரியில் ப்ரீபெய்டு அட்டைகள் தொங்கின. 15 டாலர் அட்டை என்றால் ஏறக்குறைய 15 பாட்டு. கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடியது. கடைக்குள் வேறு பொருள் அதிகம் இல்லாததால் அட்டைக்கும் பாட்டுக்கும் இடையே யாரும் நுழைய முடியவில்லை. 2008இல் ஆப் ஸ்டோர் வந்தது, பின்னர் ஐகிளவுட் வந்தது, சந்தா வந்தது; எல்லாம் அதே பேலன்ஸில் கை வைத்தன. இந்தியாவுக்கு ஐடியூன்ஸ் கடை வந்து சேர்ந்தது 2012 டிசம்பரில். அதாவது இங்கே வரும்போதே அது பல சரக்கு விற்கும் கடை. பாட்டுக்கு மட்டுமான அட்டை என்ற ஒன்றை இந்தியர்கள் ஆப்பிளிடமிருந்து ஒருபோதும் பார்த்ததில்லை. அதன் பெயரையும் புகழையும் மட்டும் கேள்விப்பட்டு, அதையே வாங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தியச் சூழல் இதை இன்னும் ஒரு படி தள்ளிவிட்டது. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகளுக்கு ரிசர்வ் வங்கி விதித்த புதிய நிபந்தனைகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், கூடுதல் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றெல்லாம் வாடிக்கையாளரைக் காக்கும் நல்ல விதிகள். அதன் பின்விளைவாக 2022இல் ஆப்பிள் இந்தியாவில் கிரெடிட், டெபிட் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியது. மிஞ்சியவை யு.பி.ஐ., நெட் பேங்கிங், கணக்கில் உள்ள பேலன்ஸ். அந்தப் பேலன்ஸை நிரப்பும் எளிய வழிகளில் ஒன்று கிஃப்ட் கார்டு. ஆகவே பலர் தமக்குத் தாமே கிஃப்ட் கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். பரிசு என்று பெயர் வைத்த பொருளைத் தனக்கே வாங்கிக்கொள்வதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு பொருளின் முக்கிய வேலை சந்தா கட்டுவது என்று ஆனபிறகு, அதே பொருளைப் பரிசாக வாங்கி அனுப்புகிறவர் உண்மையில் எதிராளியின் மாதச் செலவில் ஒரு பங்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதைத் தெரிந்தே செய்தால் நல்ல உதவிதான், பாட்டு என்று நம்பிச் செய்தால் ஏமாற்றம்.

இதையெல்லாம் நம் ஊர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. இந்தியாவில் ப்ரீபெய்டு பணத்தில் டிஜிட்டல் இசை வாங்கும் பழக்கம் ஐடியூன்ஸால் வந்ததல்ல, ரீசார்ஜ் கூப்பனால் வந்தது. பெட்டிக்கடையில் கூப்பன் வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, எண்ணை அடித்துப் பேலன்ஸ் ஏற்றினோம். அதிலிருந்து மாதம் முப்பது ரூபாய் போல காலர் ட்யூனுக்குப் போனது. நம்மை அழைப்பவர் கேட்பதற்காக நாம் காசு கொடுத்த பாட்டு அது. ஒரு காலத்தில் இந்திய இசை நிறுவனங்களின் டிஜிட்டல் வருமானத்தைத் தாங்கிப் பிடித்ததே அதுதான். கூடவே ஒரு நோயும் வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஏதோ பொத்தானை அழுத்தியதற்குச் சேவை தொடங்கிவிட்டது என்று பணம் போகும். பேச வைத்திருந்த காசு பாட்டுக்குப் போய்விடும். புகார்கள் குவிந்து, கடைசியில் 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, இத்தகைய சேவை எதையும் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை ஒப்புதல் பெற வேண்டும் என்று கட்டளையிட்டது. அன்று பேச்சுக்கான பணத்தைப் பாட்டு தின்றது, இன்று பாட்டுக்கான பணத்தை வாடகை தின்கிறது. பொதுவான ஒரு பேலன்ஸும் தானாக எடுக்கும் ஓர் ஏற்பாடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எது யாருடைய எண்ணத்தோடு உள்ளே வந்தது என்பது அடிபட்டுப்போகும்.

'அதனால் என்ன? பணமாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளேன்' என்று ஒருவர் கேட்கலாம். பணத்தைப் பரிசாகக் கொடுப்பதில் தமிழர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மொய்க் கவரில் 501 வைத்து, பெயரை எழுதி, நோட்டில் பதிந்துவிட்டுச் சாப்பிடப் போகிற சமூகம் இது. ஆகவே கார்டு வெறும் பணம்தான் என்பது என் குற்றச்சாட்டு அல்ல. பணமாகக்கூட அது இல்லை என்பதே குற்றச்சாட்டு. மொய்ப்பணத்தை வைத்துக் கடனை அடைக்கலாம், மளிகை வாங்கலாம், இன்னொரு கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம். கார்டில் அது நடக்காது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு வரும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதையில், 2018இல் நடந்த விபத்துக்குப் பின், வெளியூர் வண்டிகள் மேலே ஏறலாம், கீழே இறங்கக் கூடாது. இறங்குவதற்கு நீலகிரிப் பதிவெண் வேண்டும். கிஃப்ட் கார்டில் போட்ட பணமும் அப்படித்தான், ஏறும், இறங்காது. வங்கிக் கணக்குக்குத் திரும்பாது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வேறு கடையில் செல்லாது. வங்கிகளும் மற்றவர்களும் வழங்கும் பொதுவான பரிசு அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 10,000 ரூபாய் உச்சவரம்பு, ஓராண்டுக்குக் குறையாத காலம் என்று வரையறைகள் வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்திடம் மட்டும் செல்லுபடியாகும் மூடிய அட்டைகளோ அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பரிசு கொடுக்கும் வேகத்தில் யாரும் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

வெளிநாட்டு உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. கார்டு எந்த நாட்டில் வாங்கப்பட்டதோ, அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சித்தப்பா அங்கே வாங்கி அனுப்பும் கார்டு, கூடலூரிலோ மசினகுடியிலோ இருக்கும் பிள்ளையின் இந்தியக் கணக்கில் செல்லாது. சரி, கணக்கின் நாட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்றால், முதலில் கணக்கில் இருக்கும் பேலன்ஸைக் காலி செய்ய வேண்டும். உலகமெங்கும் சிதறிக் கிடக்கிற ஒரு மொழிக்காரர்களுக்கு, எல்லை தாண்டாத பரிசு எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே சினிமாப் பாட்டை யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் கோவையிலும் ஒரே நாளில் கேட்கிறோம். அதை வாங்கித் தரும் காசுக்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் போனால் அநியாயம். பேலன்ஸை வாடகை தின்பதற்கு முன் யாராவது முந்திக்கொண்டு உண்மையிலேயே பாட்டு வாங்கிவிட்டால், கைக்கு வரும் சரக்கு அருமையானது. ஐடியூன்ஸ் கடையில் வாங்கும் பாட்டுக்கு 2009 முதல் டிஜிட்டல் பூட்டு கிடையாது. 256 கேபிபிஎஸ் ஏஏசி கோப்பு. இறக்கி வைத்தால் நம்முடையது. மசினகுடியில் இதன் அருமை புரியும். கடைவீதியை விட்டுச் சிங்காரா பக்கமோ மாயார் பக்கமோ நகர்ந்தால் டவர் வரும், போகும். தெப்பக்காட்டுச் சாலையில் காட்டுக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் இல்லை. கல்லட்டி வளைவுகளில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பல்லவியோடு நின்று, அடுத்த வளைவில் சரணத்தின் நடுவில் தொடங்குவதெல்லாம் ஸ்ட்ரீமிங் ரசிகர்களுக்குப் பழகிய தண்டனை. வாங்கிய பாட்டு அதற்கெல்லாம் அசைவதில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், போனின் வயிற்றில் உட்கார்ந்து பாடுகிறது. (காட்டுக்குள் ஸ்பீக்கரில் வைக்காதீர்கள், தடை இருக்கிறது, யானைக்கும் பிடிக்காது.) ஐபாட் காலத்திலிருந்து இந்தக் கடையின் மேல் பற்று வைத்திருப்பவர்களுக்கு வருத்தமே இதுதான். பொருள் தங்கம். அதைப் பரிசாகக் கொடுக்க வைத்திருக்கிற வழி தகரம்.

அந்தத் தங்கத்திலும் ஒரு கீறல். மசினகுடி ஜீப்புகளிலும் பழைய வேன்களிலும் இருக்கிற பிளேயர்களில் பல, பென் டிரைவில் எம்பி3 மட்டும்தான் படிக்கும். ஆப்பிள் தரும் எம்4ஏ கோப்பைக் கண்டால் ஊமையாகிவிடும். போனில் வாங்கிய பாட்டைப் போனிலிருந்தே கோப்பாக வெளியே எடுக்கவும் நேர்வழி இல்லை. கணினியில் அதே கணக்கைத் திறந்து, பாட்டை இறக்கி, அதிலிருக்கும் வசதியைக் கொண்டு எம்பி3 பிரதி எடுத்து, பிறகு பென் டிரைவில் போட வேண்டும். ப்ளூடூத் உள்ள வண்டி என்றால் இந்தத் தலைவலி இல்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கோ இந்தப் பேச்சே பொருந்தாது. அதில் ஐடியூன்ஸ் கடை இல்லை. இந்தியாவில் பத்துக்கு ஒன்பது போனுக்கும் மேல் ஆண்ட்ராய்டு என்கிறபோது, பாட்டுக் கார்டு என்ற பரிசின் எல்லை தொடங்கும்போதே சுருங்கிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு வேறு கடை இருந்ததா என்றால், இருந்தது. 2012 பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் 'ஃப்ளைட்' என்ற பெயரில் எம்பி3 கடை திறந்தது. பூட்டில்லாத கோப்பு, சில ரூபாயிலிருந்து விலை, இந்திய மொழிகள். 2013 ஜூனிலேயே மூடிவிட்டார்கள். திருட்டுப் பிரதிகளும், சில்லறைத் தொகையைச் சுலபமாகச் செலுத்த வழியில்லாததும் தீராதவரை இந்தியாவில் பாட்டுப் பதிவிறக்க வணிகம் பெருகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். சில்லறைத் தொகைப் பிரச்சினையை மூன்றே ஆண்டில் யு.பி.ஐ. தீர்த்துவிட்டது, டீக்கடையில் பத்து ரூபாயை ஸ்கேன் செய்து கொடுக்கிறோம். ஆனால் தீர்வு வந்தபோது கடை இல்லை. 2016இல் கூகுள் பிளே இந்தியாவில் பாட்டு விற்கத் தொடங்கி 2020இல் அதையும் மூடியது. இன்று கூகுள் பிளே கார்டு கடைகளில் கிடைக்கிறது, ஆனால் அதைக் கொண்டு வாங்க அங்கே பாட்டு இல்லை. பையன்கள் அதைத் துப்பாக்கி விளையாட்டின் வைரங்களாக மாற்றிக்கொள்கிறார்கள். பத்து ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கும் ரசிகர், கொடுக்க உதவும் வசதி, இரண்டும் முதல்முறையாக ஒன்றாக இருக்கும் இந்தக் காலத்தில்தான் விற்பவர் இல்லை.

'இன்று யார் பாட்டை வாங்குகிறார்கள், மாதச் சந்தாவைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே?' என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆப்பிள் மியூசிக் 2015இல் மாதம் 120 ரூபாய்க்கு வந்து 2019இல் 99 ஆனது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த ஸ்பாட்டிஃபை நாளுக்கு 13 ரூபாய் என்றுகூடப் பிரித்து விற்றது. ஒரு பாட்டின் விலைக்கு ஒரு நாள் முழுக்க எல்லாப் பாட்டும் என்றால் கசக்குமா? ஆனால் இது காலத்தைப் பரிசாகக் கொடுப்பது. மாதம் முடிந்தால் பரிசும் முடிந்தது. இறக்கி வைத்துக் கேட்கலாமே என்றால், சந்தா நின்ற அன்றே அவையும் ஊமை. சந்தா இருந்தாலும் ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். பாட்டுகளும் நிலையாக இருப்பதில்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்குக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் உரிமப் பேச்சு முறிந்து, புகழ்பெற்ற இந்திப் பாட்டுகள் ஒரே நாளில் காணாமல் போயின. கடைகளுமே நிலையில்லை. ரெஸ்ஸோ செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது, ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை மூடும் அறிவிப்பு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்தது. இவற்றை நம்பித் தினமும் பாட்டுக் கேட்கலாம். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் "இது நான் உனக்குக் கொடுத்த பாட்டு" என்று பத்து வருடம் கழித்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

இன்னும் கூர்மையான எதிர்வாதம் பொருளாதாரத்திலிருந்து வருகிறது. பெறுபவருக்கு எது பிடிக்கும் என்று கொடுப்பவருக்குத் தெரியாது. தப்பான பாட்டை வாங்கிக் கொடுப்பதைவிடக் கார்டு மேல் என்பார்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொருளாகக் கொடுக்கப்படும் பரிசுகளின் விலையில் பத்து சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை, பெறுபவர் மதிப்பீட்டில் வீணாகிறது என்பது அவர் கண்டது. சட்டைக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் இது பொருந்தும். பதினைந்து ரூபாய்ப் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வீணானால் ஐந்து ரூபாய் நஷ்டம். அதற்குப் பயந்தா தேர்ந்தெடுக்கும் வேலையையே கைவிடுவது? பாட்டுப் பரிசில் காசு அற்பம், தேர்வுதான் பரிசு. தமிழ்நாட்டில் இது ஒரு தலைமுறைக்கே தெரிந்த விஷயம். காசெட் காலத்தில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியலை எழுதி, அறுபது நிமிடமா தொண்ணூறா என்று கணக்குப் போட்டு, எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, பதிந்து வாங்கிக் கொடுத்தார்கள். சில பாட்டு பிடிக்காமல் போயிருக்கும். அதைச் சொல்லிச் சண்டை போடவும் அந்தக் காசெட்டில் இடம் இருந்தது.

அந்தச் சென்டர்களின் வாரிசு இன்றைய மொபைல் கடை. மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தருவார்கள், டவர் வேண்டாம், எந்த ஜீப்பிலும் பாடும். மசினகுடி மாதிரி ஊருக்கு எல்லா வகையிலும் பொருந்துகிற சேவை, பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஒரு பைசா போகாது என்ற ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சின்ன விஷயம் இல்லை, ஆகவே அதைப் பரிந்துரைக்க முடியாது. சட்டத்துக்கு உட்பட்ட போட்டியாளர் சரிகமவின் கார்வான். 2017இல் வந்த இந்தப் பெட்டி ரேடியோ, தமிழ்ப் பதிப்பில் ஐயாயிரம் பழைய பாட்டுகளை உள்ளேயே ஏற்றிக்கொண்டு, அப்பா அம்மாவுக்கான பரிசு என்றே விளம்பரமானது. இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், குமிழைத் திருப்பினால் போதும். குறியீடு போடத் தெரியாத கைகளுக்குப் பாட்டைச் சேர்த்த வகையில், கிஃப்ட் கார்டு சாதிக்காததை அது சாதித்தது. குறை, ஐயாயிரமும் சரிகம தன் உரிமையில் இருப்பவற்றிலிருந்து தேர்ந்தவை. அதோடு விலை சில ஆயிரம் ரூபாய், ஐந்நூறு ரூபாய்ப் பரிசுக்கு மாற்றாக அதைச் சொல்ல முடியாது.

பாட்டின் பெயரே அச்சிட்ட அட்டை என்பது கற்பனை அல்ல. 2007இல் அமெரிக்க ஸ்டார்பக்ஸ் கடைகளில் ஐடியூன்ஸ் அப்படிப்பட்ட அட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. ஓர் அட்டை, ஒரு பாட்டு, வேறெதற்கும் செல்லாது. பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் இன்றும் ஓர் ஆல்பத்தை இன்னாருக்குப் பரிசு என்று வாங்கி அனுப்பலாம். பெறுபவர் எம்பி3 ஆகவே இறக்கிக்கொள்ளலாம், எந்தப் போனிலும் ஜீப்பிலும் பாடும். கலைஞர்கள் தங்கள் ஆல்பத்துக்கான பதிவிறக்கக் குறியீடுகளை எடுத்து, அட்டையில் அச்சிட்டு, கச்சேரி மேடைக்கருகே விற்கிறார்கள். தளத்தின் வழியே விற்கும்போது அது எடுத்துக்கொள்வது பொதுவாக விலையில் 15 சதவீதம். அங்கே தமிழ்ச் சினிமாப் பாட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். பெரிய நிறுவனங்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. ஆனால் நீலகிரிக்கு இதில் ஒரு வாய்ப்பு தெரிகிறது. படுகு மொழிப் பாட்டுகள் கல்யாணத்திலும் ஹெத்தையம்மன் பண்டிகையிலும் ஆட்டத்தோடு ஒலிப்பவை, காசெட், சி.டி. காலத்தில் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. இப்போது பெரும்பாலும் யூட்யூபில் இலவசமாகக் கிடக்கின்றன. பெரிய இசைச் செயலிகளின் மொழிப் பட்டியலில் போஜ்புரியும் ஹரியான்வியும் இருக்கும், படுகு இருக்காது. ஊட்டி மார்க்கெட்டிலோ கோத்தகிரி பஸ் நிலையத்திலோ ஐம்பது ரூபாய்க்கு ஒரு படுகு ஆல்பத்தின் பெயர் போட்ட அட்டை தொங்கினால், அதைப் பரிசாக வாங்க இந்த மலையில் ஆள் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதுவரை ஆப்பிள் கார்டுதான் கொடுப்பேன் என்பவருக்குச் சில நிபந்தனைகள். பெறுபவர் வைத்திருப்பது ஐபோன்தானா, கணக்கு எந்த நாட்டுக் கணக்கு என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆச்சரியம் கெட்டாலும் பரவாயில்லை. குறியீட்டோடு பத்துப் பன்னிரண்டு பாட்டின் பெயரை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அடுத்த ஐகிளவுட் தேதி வருவதற்குள் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிவிடச் சொல்லுங்கள், நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கிவைக்கச் சொல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் யாராவது அதிகாரி பெயரில் அவசரமாகக் கிஃப்ட் கார்டு குறியீடு கேட்டால் அது திருடன். குறியீட்டைக் கொடுத்தபின் பணம் திரும்பாது. ஆண்ட்ராய்டு வீடு என்றால் இந்தக் கார்டை மறந்துவிடுங்கள். பட்டியலை மட்டும் எழுதி அனுப்புங்கள், கவரில் 501 வையுங்கள்.